எந்த ஊரு ரொம்ப மாறிப்போச்சு?

மார்ச் 6

அன்பு மச்சான் பாதரசத்துக்கு,

உன் அத்தான் எழுதுறேன். போன்ல பேசினா உன் காது கேக்காது, என் வாய் நிக்காது. அதனால கடுதாசி.

உன் அக்கா பெட்டியோட வந்து சேர்ந்திருப்பா. நான் ஒண்ணும் துரத்தலை. டீ குடிச்சிட்டு வரேன், வாசல்ல பெட்டி நிக்குது, பெட்டிக்குப் பக்கத்துல அவ நிக்கிறா. "இந்த ஊரு முன்ன மாதிரி இல்ல. வெந்து சாகுறேன். என் தம்பி ஊருக்குப் போறேன்"னா. நான் அப்பவே வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம். "போ போ, மலையில நல்லா உறைஞ்சு கெட்டியானதும் சொல்லு, ஐஸ் மாதிரி ரெண்டு கட்டியா அறுத்து மரத்தூள் தூவி அனுப்பச் சொல்றேன்"னேன். பக்கத்து வீட்டுத் தையல்காரர் கெக்கெக்கேன்னு சிரிச்சுட்டாரு. சிரிச்சது அவரு, கோபம் என் மேல. நியாயமா இது?

நாலு நாளா ரொட்டியும் டீயும். ரொட்டியைப் பார்த்தாலே ரொட்டியும் என்னைப் பார்க்குது.

இப்ப விஷயத்துக்கு வரேன். உங்க மலை குளிரு, எங்க கடற்கரை சூடு. இதுல சண்டையே இல்ல, கைக்குழந்தைக்கும் தெரியும். ஆனா உன் அக்கா சொன்ன குத்தம் அது இல்ல. "முன்ன மாதிரி இல்ல"ங்கறதுதான் குத்தம். அப்ப கேள்வி என்ன? எந்த ஊரு ரொம்ப மாறிப்போச்சு? எங்க ஊரு அன்னைக்கும் சுட்டுது, இன்னைக்கும் சுடுது, யாரையும் ஏமாத்தலை. உங்க ஊருதான் குளிருங்கற பேரை வெச்சுக்கிட்டு உள்ளுக்குள்ள வேகுதுன்னு நான் சொல்றேன்.

பந்தயம். எங்க ஊரு கம்மியா மாறியிருந்தா உன் அக்கா வீடு திரும்பணும். உங்க ஊரு கம்மியா மாறியிருந்தா நான் இங்க பூட்டிட்டு உன் வீட்டுக்கே வந்து உன் கட்டில்ல பாதியை எடுத்துக்கறேன். நான் குறட்டை விடுவேன்.

அவகிட்ட படிச்சுக் காட்டு.

இப்படிக்கு,
அத்தான்


மார்ச் 14

மதிப்பிற்குரிய அத்தானுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. அதிலிருந்த எழுத்துப் பிழைகளைச் சிவப்பு மையில் திருத்தி வைத்துக்கொண்டேன்.

மலை வானிலை நிலையத்தில் முப்பது ஆண்டுகள் வெப்பமானி பார்த்தவனைப் 'பாதரசம்' என்று அழைப்பது தங்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம். எனக்கு இல்லை. ஓய்வு பெற்ற பிறகும் என் கொல்லையில் நான்கு கால் வைத்த, காற்றுப் புகும் வெள்ளை மரப்பெட்டிக்குள் வெப்பமானி வைத்துத் தினமும் பார்த்து வருகிறேன். இந்த மலையைப் பற்றி என்னிடம் சவால் விட்டது தங்கள் துரதிர்ஷ்டம்.

பந்தயத்தை ஏற்கிறேன். விதி இதுதான். முதல் பத்து ஆண்டுகளின் சராசரி, கடைசிப் பத்து ஆண்டுகளின் சராசரி. இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே மாற்றம். ஒரு நாள் வெயிலையோ ஒரு வருடக் குளிரையோ வைத்துக்கொண்டு கூச்சல் போடக் கூடாது. தங்களிடம் பழைய அளவு எதுவும் இருக்கிறதா என்பதே சந்தேகம்.

எங்கள் ஊரில் மின்விசிறி என்ற பொருளை யாரும் வாங்குவதில்லை என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

அக்கா நலம். வந்த மறுநாளே என் மழைமானியைக் கழுவி அதில் கரண்டிகளைப் போட்டு வைத்துவிட்டார். நான் எடுத்துச் சொன்னேன். "மழை வந்தா கரண்டியை எடுத்துக்கடா, இப்ப என்ன அவசரம்?" என்றார். என் நாற்காலி இப்போது வேறு மூலையில் இருக்கிறது. நானும் அங்கேதான் இருக்கிறேன்.

தங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். மரத்தூள் வந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார். பிறகு, "சரி, பந்தயம்தானே, போடட்டும். நானும் பாக்குறேன்" என்றார். சிரித்தாரா என்று தெரியவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார்.

அன்புடன்,
மச்சான்


மார்ச் 21

மச்சான் பாதரசம்,

பழைய அளவு இருக்கான்னா கேட்ட? உக்காந்து படி.

ஐஸ் ஃபேக்டரியில நான் முப்பது வருஷம் என்ன பண்ணினேன்னு நினைச்ச? ஐஸ் ரூம் கதவோட வெளிப்பக்கம் ஒரு தெர்மாமீட்டர் அடிச்சிருந்தாங்க. வெளிக்காத்து எவ்வளவு சூடோ அதுக்குத் தக்கன மிஷினை ஓட்டணும், அதனால தினம் மத்தியானம் அதைப் பார்த்துப் போர்டுல எழுதுவேன். சாயங்காலம் கணக்குப்பிள்ளை அதைப் புத்தகத்துல ஏத்துவாரு. ரிட்டயர் ஆகியும் அந்த வேலைக்கு என்னைத்தான் வெச்சிருந்தாங்க, வேற எவனுக்கும் வெயில்ல நின்னு பார்க்கப் பொறுமை இல்ல. போன வருஷம் ஃபேக்டரியை மூடறப்போ அவனவன் மோட்டாரு, பைப்புன்னு பார்த்தான். நான் கதவைக் கேட்டு வாங்கிட்டு வந்தேன். முழங்கை நீளத்துக்குக் கனம், உள்ள பூரா தக்கை, நாலு பேரு தூக்கினாங்க. தெர்மாமீட்டர் இன்னும் அதுல இருக்கு. வீட்டுக்குப் பின்னால சுவரோட சேத்து நிக்க வெச்சிருக்கேன். ராஜா மாதிரி நிக்குது. உன் அக்காவுக்கு ரசனை கிடையாது.

கணக்குப்பிள்ளை வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தை வாங்கிட்டு வந்தேன். நான் அஞ்சாங்கிளாஸ்ல ரெண்டு தடவை உக்காந்தவன், சராசரி எல்லாம் எனக்கு வராது. தையல்காரர் போட்டுக் கொடுத்தாரு. எல்லாத்தையும் கூட்டி, ஒரு தடவை இஞ்ச் டேப்பை வேற ஏன்னே தெரியாம எடுத்துப் பார்த்துட்டு, சொன்னாரு: முதல் பத்துக்கும் கடைசிப் பத்துக்கும் வித்தியாசம் ஒரு டிகிரிக்குக் கொஞ்சம் கம்மி.

அவ்வளவுதான் மச்சான். பக்கத்துல கடல் இருக்கு. வர்ற சூட்டுல பாதியை அது வாங்கி வெச்சுக்குது.

உன் கணக்கு எங்க? ஒரே மூச்சுல எழுதி அனுப்பு. உன் மலை எத்தனை ஏறியிருக்கு?

இப்படிக்கு,
ரொட்டி தின்னும் அத்தான்


ஏப்ரல் 4

மதிப்பிற்குரிய அத்தானுக்கு,

பதில் தாமதமானதற்குக் காரணம் வேலைப்பளு. ஓய்வு பெற்றவனுக்கு என்ன வேலைப்பளு என்று கேட்க வேண்டாம். அக்கா இருக்கிறார்.

முதலில் தங்கள் அளவைப் பற்றி. ஐஸ் ரூம் கதவில் வெப்பமானியா! கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் உள்ளே இருக்கும் குளிர் அதன் மேல் அடித்திருக்குமே! முப்பது ஆண்டுகளும் தாங்கள் எழுதியது தவறான வெப்பம். இதை அக்காவிடம் வெற்றிக்களிப்போடு சொன்னேன்.

ஆனால் நான் நேர்மையானவன். அன்று முழுதும் யோசித்தபோது ஒன்று தோன்றியது. தினமும் ஒரே அளவு தப்பாகக் காட்டும் வெப்பமானி, மாற்றத்தைக் கண்டுபிடிக்கும் கணக்கில் கெட்டதில்லை. அன்றும் அதே தப்பு, இன்றும் அதே தப்பு. கழித்தால் தப்பு போய்விடும், மாற்றம் மட்டும் நிற்கும். ஆகவே தங்கள் கணக்கு செல்லும். இதையும் அக்காவிடம் சொன்னேன். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, "அது உன் அத்தானைப் பத்திச் சொன்ன மாதிரியே இருக்கு. கல்யாணமான நாள்லேருந்து ஒரே தப்பு. கழிச்சுக் கழிச்சுத்தான் குடும்பம் நடத்தறேன்" என்றார்.

என் மலையின் கணக்கு இன்னும் முடியவில்லை. பெரிய கணக்கு.

அதற்குள் ஓர் அதிசயம். மார்ச் நடுவிலிருந்து என் கொல்லைப் பெட்டியின் வெப்பமானி, சென்ற ஆண்டு இதே நாட்களைவிட மூன்று டிகிரி குறைவாகக் காட்டுகிறது! ஒரு நாள் அல்ல, தினமும். மலை தன்னைத்தானே குளிர்வித்துக்கொள்கிறது அத்தான். பழைய நிலையத்துக்குக் கடிதம் எழுதலாமா என்று யோசிக்கிறேன். இதைத் தாங்கள் தாழ்மையுடன் கவனத்தில் கொள்ளவும்.

அன்புடன்,
மச்சான்


ஏப்ரல் 11

அட மச்சான்!

கடுதாசியைப் படிச்சிட்டுச் சிரிச்ச சிரிப்புல டீ மூக்கு வழியா வந்துடுச்சு. தையல்காரருக்கும் படிச்சுக் காட்டினேன், அவரு ஊசியைக் கையில குத்திக்கிட்டாரு. பாவம் உன்னைச் சேர்ந்தது.

தெர்மாமீட்டரைக் கட்டிக்கிட்டு வாழ்ந்தவனே, பொம்பளை ஆள் வந்த வீட்டைப் பத்தி உனக்கு என்ன தெரியும்? நான் கேக்குறேன், பதில் சொல்லு. உன் அக்கா எப்ப வந்தா? மார்ச்சுல. மலை எப்பக் குளிர ஆரம்பிச்சுது? மார்ச்சுல. உன் கொல்லையில வெயில்ல நிக்கற சாமான் எது? நாலு கால் வெச்ச வெள்ளைப் பெட்டி. கொடிக்கயிறு கட்டியிருக்கியா? ஒத்தை ஆளு, ரெண்டு சட்டை, கதவுல மாட்டுற ஆளு நீ. அப்ப அவ ஈரத் துணியை எங்க காயப் போடுவா?

போய்ப் பாரு. இப்பவே போ. கடுதாசியைக் கீழ வெச்சிட்டுப் போ.

பார்த்தியா? ஈரத்துண்டு போர்த்தின பானை எப்படிக் குளிரும்? அதே கதைதான். மலை குளிரலை மச்சான், உன் பெட்டிதான் ஈரத்துண்டு போட்டுக்கிட்டு ஒய்யாரமா இருக்கு. நிலையத்துக்கு மட்டும் எழுதிடாதே, பென்சனைப் புடிச்சுப்பாங்க.

கணக்கு முடியலைன்னு சொன்னியே, அதை நான் நம்பலை. நீ ஒரு கணக்கை ராத்திரி தங்க விடாத மனுஷன், முதல் நாளே கூட்டிப் பார்த்திருப்ப. கூட்டினதைச் சொல்லத்தான் உனக்கு நாக்கு எழலை. சொல்லு. அத்தான்தானே, சிரிக்க மாட்டேன்.

சிரிப்பேன். இருந்தாலும் சொல்லு.

அத்தான்


ஏப்ரல் 19

அத்தான்,

மூன்று துண்டுகள், ஒரு போர்வை, என்னுடைய பழைய உல்லன் தொப்பி. எல்லாம் பெட்டியின் மேல். "பெட்டி நல்லா உசரமா, காத்தாட இருக்கு, அதுக்குத்தானேடா செஞ்சு வெச்சிருக்க?" என்று கேட்டார். நான் தொப்பியை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கணக்கு முதல் நாளே முடிந்தது. மூன்று முறை போட்டேன். மலை ஒன்றே முக்கால் டிகிரி ஏறியிருக்கிறது. தங்கள் ஊரைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பகலைவிட விடியற்காலைதான் அதிகம் ஏறியிருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் காலையில் பெட்டியைத் திறக்கும்போது கைப்பிடியில் பனி ஒட்டிக்கொண்டிருக்கும், விரல் பிடித்துக்கொள்ளும். எப்போது நின்றது என்றே எனக்குத் தெரியவில்லை. தினமும் நானே என் கையால் எழுதினேன் அத்தான். ஒரு நாளுக்கும் மறுநாளுக்கும் வித்தியாசமே இல்லை. கூட்டிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. நீங்கள் சவால் விடாவிட்டால் தோன்றியே இருக்காது.

சிரிப்பதாக இருந்தால் இதற்கும் சேர்த்துச் சிரித்துவிடுங்கள்: என் கட்டிலுக்கு அடியில் ஒரு மின்விசிறி இருக்கிறது. இரண்டு வருடமாக இருக்கிறது. அட்டைப்பெட்டியில் 'பழைய வரைபடங்கள்' என்று எழுதி வைத்திருந்தேன். நேற்று அக்கா பெருக்கும்போது இழுத்துவிட்டார். இப்போது அது கூடத்தில் அவர் பக்கம் திரும்பி ஓடுகிறது.

ஆகவே தாங்கள் வென்றீர்கள். அக்காவிடமும் எடுத்துச் சொன்னேன். அக்காவைக் கூட்டிக்கொண்டு போங்கள். கெஞ்சிக் கேட்கிறேன். என் நாற்காலி இப்போது வெளியே இருக்கிறது.

ஆனால் அவர் வரமாட்டேன் என்கிறார். சொன்னதை அப்படியே எழுதுகிறேன், அப்படியே எழுதச் சொல்லிப் பக்கத்தில் நிற்கிறார்.

"ஊரு சூட்டை யாருடா கேட்டா? ரெண்டு கிழங்களும் சேர்ந்து மலையை அளந்தீங்க, கடலை அளந்தீங்க. நான் நின்ன இடத்தை அளந்தீங்களா? அந்த ஃபேக்டரிக் கதவை ராஜா மாதிரி எங்க நிக்க வெச்சிருக்காரு, கேளு. அடுப்படி ஜன்னலை அடைச்சு வெச்சிருக்காரு. போன கோடை பூரா சொன்னேன். 'ஐஸ் கதவுடி, குளிரும்'னு பத்து பேரு எதிர்ல சொல்லிச் சிரிச்சாரு. அந்தக் கதவுல இருக்கே தெர்மாமீட்டர், அதைக் கழட்டி அடுப்படியில மாட்டிக்கிட்டு, ஒரு நேரம் சமைச்சுப் பார்க்கச் சொல்லு. அப்புறம் எழுதட்டும்."

அவ்வளவுதான். விளக்கை அணைக்கச் சொல்கிறார்.

மச்சான்


ஏப்ரல் 27

மச்சான்,

முதல்ல ஒரு நாள் சிரிச்சேன். அது உன் மின்விசிறிக்கு. பழைய வரைபடமாம்!

அப்புறம் தெர்மாமீட்டரைக் கழட்டினேன். விளையாட்டுக்குத்தான். தையல்காரரையும் கூப்பிட்டு உக்கார வெச்சேன், பாருங்க வேடிக்கைன்னு. அடுப்படியில ஆணி அடிச்சு மாட்டிட்டு அடுப்பைப் பத்த வெச்சேன். கொஞ்சம் சோறு, ஒரு குழம்பு. வெங்காயம் நறுக்கும்போதே தையல்காரர் வாசல்ல போய் உக்காந்துட்டாரு. சோறு கொதி வர்றதுக்குள்ள சட்டையைக் கழட்டினேன். குழம்பு வைக்கறதுக்குள்ள நானும் வாசலுக்கு வந்துட்டேன். உள்ள போய்ப் போய்க் கிளறிட்டு வந்தேன். அவ அப்படி வெளிய வந்து வந்து சமைச்சதா எனக்கு ஞாபகம் இல்ல.

கழட்டறப்போ வெளியில முப்பத்தி நாலு. அடுப்படியில நாப்பத்தி ஒண்ணு.

நான் திரும்பவும் பார்த்தேன். தையல்காரரும் வந்து பார்த்தாரு. அவரு சிரிக்கலை. சிரிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும்.

குழம்பு தீஞ்சு போச்சு.

மறுநாள் நாலு பேரைக் கூப்பிட்டுக் கதவை நகத்தினேன். பின்னால ஜன்னல் இருந்துச்சு. துரு ஏறி, திறக்க மாட்டேன்னு நின்னுச்சு. சுத்தியால தட்டித் தட்டித் திறந்தேன். கடல் காத்து மூஞ்சியில அடிச்சுது பாரு. தெர்மாமீட்டரை அங்கேயே விட்டிருக்கேன். நேத்து அடுப்பு எரியும்போது முப்பத்தி ஆறு.

இதை உன் அக்காகிட்ட ரொம்ப நீட்டிச் சொல்லாத. நம்பரை மட்டும் சொல்லு.

கதவு கூடத்துல படுத்திருக்கு. தாண்டித் தாண்டித்தான் போறேன். வெளிய போடச் சொல்றாரு தையல்காரர். முப்பது வருஷம் மச்சான். கையால தொட்டா இன்னும் சில்லுன்னு இருக்கு, அது என் மனசோ என்னமோ.

அத்தான்


மே 5

அன்புள்ள அத்தானுக்கு,

நம்பரை மட்டும் சொன்னேன். அக்கா அடுப்பைத் துடைக்கப் போய்விட்டார். இரண்டு நாளில் என் நாற்காலி உள்ளே வந்துவிட்டது, நான் கேட்கவே இல்லை.

நேற்று திடீரென்று, "அந்தக் கதவை என்ன பண்ணினாரு?" என்று கேட்டார். கூடத்தில் கிடக்கிறது, தாண்டித் தாண்டிப் போகிறார் என்றேன். "கீழ விழுந்து இடுப்பை உடைச்சுக்கட்டும்" என்றார். பிறகு, "தூக்கிப் போட்டுறப் போறாரு, எழுதுடா" என்றார்.

இந்த உறையில் ஒரு நூல் வைத்திருக்கிறேன். சுருங்கியிருந்தால் நீட்டிப் பார்க்கவும். ஒரு முனையில் முடிச்சு இருக்கும். முடிச்சு தரை. மறுமுனை அக்காவின் முழங்கால். நானே அளந்தேன். மூன்று முறை அளந்தேன், ஒவ்வொரு முறையும் காலை அசைத்தார், அதனால் சராசரி எடுத்திருக்கிறேன்.

அவர் சொன்னது: "கதவை அறுத்து, இந்த உசரத்துல ஒரு பெஞ்சு. அடுப்படி ஜன்னலுக்குக் கீழ போடட்டும். உக்காந்து காய் நறுக்கணும். ஆணி தலை தூக்கிக்கிட்டு நின்னா அதே பஸ்ஸுல திரும்பி வந்துடுவேன்."

பஸ் என்று சொன்னதைக் கவனித்தீர்களா அத்தான்? நான் கவனித்தேன். மழைமானியிலிருந்து கரண்டிகளை அவரே எடுத்துவிட்டார். மின்விசிறியைத் துடைத்து என் கட்டில் பக்கம் திருப்பி வைத்திருக்கிறார்.

எனக்கு நிம்மதியாக இருக்க வேண்டும். இருக்கிறது. ஆனாலும் கொல்லைப் பெட்டியின் மேல் இன்று ஒரு துண்டும் இல்லை. பெட்டி மொட்டையாகத் தெரிகிறது. வெப்பம் மூன்று டிகிரி ஏறிவிட்டது.

அன்புடன்,
பாதரசம்


மே 20

மச்சான்,

பாதரசம்னு நீயே கையெழுத்துப் போட்ட கடுதாசியைத் தையல்காரருக்குக் காட்டினேன். சட்டம் போட்டு மாட்டச் சொல்றாரு.

உன் அக்கா வந்துட்டா. பெட்டியைக் கீழ வைக்கலை, என்னை ஏறிட்டுப் பார்க்கலை, நேரா அடுப்படிக்குப் போனா. தெர்மாமீட்டரைப் பார்த்தா. பெஞ்சு மேல கையை வெச்சு ஒரு ஓரத்துலேருந்து மறு ஓரம் வரைக்கும் தடவினா, ஆணி தேடுறா. இல்ல. நான் ரெண்டு நாள் உக்காந்து தேய்ச்சிருக்கேன், எங்கேருந்து இருக்கும்? அப்புறம் உக்காந்தா. கால் தரையில சரியா பதிஞ்சுது. உன் சராசரி தப்பலை.

தக்கை மேல பலகை, பலகை மேல அவ, மேல ஜன்னல். வெங்காயத்தை எடுத்துக்கிட்டா. வெளிய கடல் தெரியாது, தையல்காரர் வீட்டுக் கொல்லையும் அவரு காயப்போட்ட துணியும்தான் தெரியும். அதைப் பார்த்துக்கிட்டே நறுக்கினா. எதிர்வீட்டு நியாயம், அந்த வீட்டு நியாயம் எல்லாம் ஜன்னல் வழியாவே பேசி முடிச்சாச்சு. சோறு நேரத்துக்கு வரலை. நான் ஒரு வார்த்தை கேக்கலை. பார், மாறியிருக்கேன்.

உன் பெட்டி மொட்டையா இருக்குன்னு எழுதினியே, அதைப் படிச்சுக் காட்டினேன். முந்தானையால மூக்கைத் தொடைச்சா. வெங்காயம்னு சொன்னா. அந்நேரம் வெங்காயம் எல்லாம் நறுக்கி முடிச்சாச்சு. அடுத்த கோடையில ரெண்டு பேருமா வரோம். நிறைய ஈரத்துணி கொண்டு வரோம், உன் மலையைக் குளிர வெச்சுட்டுத்தான் திரும்புவோம். என் குறட்டைக்கு உன் மின்விசிறி சத்தம் சரியா இருக்கும்.

சாயங்காலம் பக்கத்துல போய் நின்னேன். பெஞ்சுல கொஞ்சம் இடம் இருந்துச்சு. நீ உக்காருன்னு சொல்லலை, உக்காராதன்னும் சொல்லலை. ஓரமா உக்காந்து, "என்ன, இப்ப பரவாயில்லையா?"ன்னு மெதுவா கேட்டேன்.

ஜன்னலைப் பார்த்துக்கிட்டே சொன்னா: "ஒரு நாளை வெச்சு எல்லாம் சொல்லக் கூடாதாம், என் தம்பி சொல்லியிருக்கான். இன்னும் பத்து வருஷம் போகட்டும். முதல் பத்தையும் இந்தப் பத்தையும் வெச்சுப் பார்த்துட்டுச் சொல்றேன்."

இப்படிக்கு,
பத்து வருஷத்துக்கு வேலை கிடைச்ச
உன் அத்தான்